நான் சொன்ன நரம்பு

வைத்தியசாலையின் கீழ்த்தளச் சாப்பாட்டுக்கூடத்தில் ஜன்னலோரமாக ஒரு நீட்டு மேசை இருந்தது. அங்கே வேலை செய்யும் தமிழர்கள் மத்தியானத்தில் அதில்தான் கூடுவோம். நான் வேலையை விடுவதற்குச் சில மாதங்கள் முன்னர் அந்த மேசையில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. நோயாளிகளுக்கு மொழிபெயர்க்க இனிமேல் அவர்களுடைய பிள்ளைகளையோ, அந்த வழியால் போகும் ஊழியர்களையோ பிடிக்கக் கூடாது, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்க வேண்டும், நேரில் வர முடியாவிட்டால் தொலைபேசியில் என்றாலும் அவர்தான் கதைக்க வேண்டும் என்று அறிவித்தல் வந்திருந்தது.

"இவ்வளவு காலமும் எங்களைத்தானே கூப்பிட்டவை," என்று சமையலறையில் வேலை செய்யும் யோகன் கொதித்தான். "இப்ப எங்கட தமிழ் பிழையாப் போச்சாமோ?"

"தமிழ் பிழையில்லை. உன்ர நொஸ்க்தான், நோர்வே மொழிதான் பிழை," என்றாள் தாதியாக இருக்கும் சாந்தி.

"ஓம், நீ இஞ்சை பிறந்தனி, கதைப்பாய். நீ சொல்லன் அண்ணை, நீயும் முந்தி எத்தினை பேருக்கு மொழிபெயர்த்துச் சொன்னனி?"

கேள்வி என்னிடம் வந்தது. "நல்ல சட்டம்," என்றேன். மேசை முழுவதும் சிரித்தது. நான் மத்தியான நேரத்தில் வாய் திறப்பது அபூர்வம், திறந்து சொன்னது இவ்வளவுதானா என்று யோகன் மேசையில் தட்டினான். காரணத்தை விளக்க வேண்டுமென்று தோன்றியது. ஆனால் எட்டுப் பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வசனம் வராது. பிறகு சாந்திதான், "மாமா, கதைக்க ஏலாட்டி எழுதித் தாங்கோ, எங்கட தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரிலை போடுவம்," என்றாள். இப்போது முதுகு ஏலாமற்போய் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். எழுதலாம்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு வரைதான். நோர்வேக்கு வந்து வடக்கே மீன் வெட்டினேன். துரொண்ட்ஹெய்மில் கொஞ்சக் காலம் தரை துடைத்தேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, வைத்தியசாலையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலையில் சேர்ந்தேன். பத்து வருடம் தள்ளியதில் கீழ்முதுகு, எங்கள் பேச்சில் நாரி, போய்விட்டது. பாரம் தூக்காத வேலையாகப் பார்த்து இரத்தக்குழாய்களைப் பரிசோதிக்கும் அறைக்கு உதவியாளாக என்னை மாற்றினார்கள். புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். அங்கே போன பிறகுதான் எனக்கு ஒரு விடயத்தில் ஆசை வந்தது என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் இரத்தம் உடம்பில் எப்படி ஓடுகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்டினால் வரும் என்பது மட்டும் தெரியும்.

அந்த அறையின் பொறுப்பாளர் தூரிட். அறுபதை நெருங்கிய, மெலிந்த பெண். சீருடைக்கு மேலே எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். அதன் பையில் தோலில் பூசும் பசைப் போத்தலை வைத்திருப்பார், உடம்புச் சூட்டில் அது இளஞ்சூடாக இருக்க வேண்டும் என்பதற்காக. "குளிர்ந்த பசையைப் பூசினால் குழாயும் சுருங்கும், ஆளும் சுருங்குவார்," என்பார். இங்கே மேலதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அந்தப் பெயர் வாயில் வர ஒரு வருடம் எடுத்தது. அதுவரை ஏதாவது தேவையென்றால் முன்னால் போய் நின்று இருமுவேன். அவர் திரும்பிப் பார்த்து, "தடிமனா, கேள்வியா?" என்று கேட்பார்.

என் வேலை சின்னது. நோயாளியைக் கூட்டி வந்து சப்பாத்தையும் காலுறையையும் கழற்ற வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்துப் போர்வை போட்டுப் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து நிமிடம் தூரிட்டுக்குப் பூசை மாதிரி. நோயாளி கதைக்கக் கூடாது, காலுக்கு மேல் கால் போடக் கூடாது. நடந்து வந்த கால் ஆறினால்தான் அது உண்மை சொல்லும் என்பார். ஒன்பது நிமிடத்தில் நான் கதவைத் திறந்தால் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், திரும்பவும் கதவை மூடுவார்.

பிறகு பரிசோதனை. முதலில் கையில் காற்றுப் பட்டியைக் கட்டி அழுத்தம் எடுப்பார். அதன் பின்னர் பட்டியைக் கணுக்காலுக்கு மேலே கட்டுவார். பேனை அளவிலான கருவியின் நுனியைப் பாதத்தின் மேற்பக்கம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேரே கொஞ்சம் மேலே வைப்பார். அடுத்ததாக உட்கணுக்கால் எலும்புக்குப் பின்னால். அழுத்தாமல், சரித்து, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல வைப்பார். கருவியோடு ஒரு சின்ன ஒலிபெருக்கி இருக்கும். இரத்தம் ஓடும் சத்தம் அதில் கேட்கும். பட்டியில் காற்றை ஏற்ற ஏற்றச் சத்தம் மெலிந்து நின்றுவிடும். காற்றை மெதுவாகத் திறந்துவிட, ஓரிடத்தில் சத்தம் திரும்பி வரும். அந்த இலக்கத்தைக் குறிப்பார். சுகமான ஆளுக்குக் கணுக்கால் அழுத்தம் கையில் உள்ள அளவுக்கு இருக்கும், அல்லது கொஞ்சம் கூட. கணுக்காலில் குறைந்தால் இடையில் எங்கோ குழாய் ஒடுங்கியிருக்கிறது.

அந்தச் சத்தம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. நல்ல குழாயில் ஒவ்வொரு துடிப்புக்கும் மூன்று சத்தம் வரும். பெரிதாய் ஒன்று முன்னே போகும், சின்னதாய் ஒன்று பின்னே வரும், இன்னும் சின்னதாய் ஒன்று முன்னே போகும். ஏன் பின்னே வருகிறது என்று எனக்கு ஒரு கிழமையாக மண்டைக்குள் குடைந்தது. இருமினேன்.

தூரிட்டுக்கு விளக்கம் சொல்லும் பழக்கம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, அதுவும் கோப்பி குடிக்கும்போது. பதில் ஒரு வசனம்தான். "குழாய்ச் சுவர் இறப்பர் மாதிரி, இதயம் தள்ளும்போது விரியும், இதயம் ஓயும்போது தானே ஒடுங்கித் தள்ளும்," என்றார். நான் அதை இரண்டு நாள் வைத்து யோசித்தேன். இதயம் நிறுத்தி நிறுத்தித்தான் தள்ளுகிறது. ஆனால் நிற்காமல் ஓடுகிறதே இரத்தம்! குழாயும் சேர்ந்து வேலை செய்வதால்தான். அது வெறும் குழாய் இல்லை, அதற்கும் தசை இருக்கிறது. குளிர்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் விரல் வெள்ளையாகிறதே, அது விரலுக்குப் போகும் சின்னக் குழாய்கள் சுவரை இறுக்கி, சூட்டை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மிச்சம் பிடிக்கின்ற வேலை. விரலைக் கைவிட்டு ஆளைக் காப்பாற்றுவது. இப்படி ஒரு யோசனை என் உடம்புக்குள் என்னைக் கேட்காமலே நடக்கிறது என்று அறிந்த அன்று என் வீடு இருக்கும் ரொம்மன் தரிப்பில் இறங்காமல் அடுத்த தரிப்புவரை போய்விட்டேன்.

இன்னொரு நாள், இதயத்திலிருந்து கீழே போவது சரி, பாதத்திலிருந்து மேலே எப்படி ஏறுகிறது என்று கேட்டேன். தூரிட் வசனம்கூடச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து மேசையில் வைத்தார். புறங்கையில் நீலமாய்ப் புடைத்து நின்ற குழாய் ஒன்றில், விரல் பக்கமாக ஒரு இடத்தை அமர்த்தினார். மற்ற விரலால் அங்கிருந்து மணிக்கட்டுப் பக்கம் வழித்துவிட்டார். நீலம் மறைந்து தோல் சப்பையாயிற்று. வழித்த விரலை எடுத்த பிறகும் இரத்தம் திரும்பி வரவில்லை. கீழே அமர்த்திய விரலை எடுத்ததும்தான் நிரம்பியது. "கதவு," என்றார். உள்ளே சின்னச் சின்னக் கதவுகள். மேலே போக விடும், கீழே இறங்க விடாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை குழாயை நசிக்கும், இரத்தம் ஒரு கதவு தாண்டும். அடுத்த எட்டில் அடுத்த கதவு. அந்தப் பரிசோதனையை அன்று மாலை என் மனைவியின் கையில் செய்து காட்டினேன். "நல்லா இருக்கு, இப்ப கறிக்கு வெங்காயம் வெட்டுங்கோ," என்றார்.

தூரிட்டிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. சத்தத்தைக் கேட்டுவிட்டு நான், "இவருக்கு அடைப்பு என்று நினைக்கிறேன்," என்றால் பிடிக்காது. "நீ நினைத்ததை நான் கேட்கவில்லை. உன் காதில் என்ன விழுந்தது?" என்பார். ஒரு சத்தமா, மூன்றா, உரக்கவா, மெலிந்தா, அதைச் சொல்ல வேண்டும். அதற்கு என்ன பெயர் என்பது வைத்தியரின் பாடு.

இனிக் கனகண்ணையின் கதை.

அவருடைய முழுப்பெயர் கனகசபை. ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் உயரமான மாடிவீடு ஒன்றில் இருந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. வைத்தியசாலையில் காணும்வரை அவரை நான் அறியேன். ஒருநாள் வேறொரு பகுதிக்குச் சக்கரக் கதிரை எடுக்கப் போனேன். ஓர் இளம் வைத்தியர் கதவைத் திறந்து என் பெயர்ப்பட்டியைப் பார்த்தார். "தமிழா? இரண்டு நிமிடம் உதவி செய்வாயா?" என்றார்.

உள்ளே கனகண்ணை கதிரையில் இருந்தார். தடித்த கம்பளிக் காலுறை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சோடி. எங்கே நோகிறது என்று கேட்கச் சொன்னார் வைத்தியர். கேட்டேன்.

"கெண்டைக்கால் நரம்பு இழுத்துப் பிடிக்குது தம்பி. வலது கால். கொஞ்சம் நடந்தாக் காணும், நரம்பு கல்லு மாதிரி இறுகீடும். நாரிக்கும் கொஞ்சம் ஏலாதுதான், கூட்டுமாத்தடியோடை குனிஞ்சு குனிஞ்சு."

நான் மொழிபெயர்த்தேன். வலது காலில் நெர்வெ நோகிறது, நாரியிலும் நோ இருக்கிறது என்றேன். நெர்வெ என்றால் நோர்வே மொழியில் நரம்பு, மூளைக்குச் செய்தி கொண்டு போகும் நரம்பு. வைத்தியர் தலையாட்டினார். நாரி, நரம்பு, கால் என்று மூன்றும் ஒன்றாக வந்தால் எந்த வைத்தியரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார். முள்ளந்தண்டில் நரம்பு நசிகிறது. படம் எடுக்க எழுதினார். அதுவரை நோவுக் குளிசையும் தேகப்பயிற்சியும். நான் கதிரையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஒரு தமிழருக்கு உதவிய திருப்தியும் இருந்தது.

எங்கள் ஊர்ப்பேச்சில் நரம்பு என்றால் என்னவென்று வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்போம். கையில் நரம்பு புடைத்திருக்கிறது என்போம். காலில் நரம்பு சுருண்டிருக்கிறது என்போம். அதெல்லாம் இரத்தக்குழாய். கைகால் விறைத்தாலும் நரம்பு, ஆள் பதறினாலும் நரம்புத் தளர்ச்சி. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் ஒருவரையொருவர் பிழையில்லாமல் விளங்கிக்கொள்கிறோம். நோர்வேக்காரருக்கு அது இரண்டு சொல். இரத்தக்குழாயை அவர்கள் ஓரெ என்பார்கள். தோணி வலிக்கும் துடுப்பும் ஓரெதான், அவர்களுக்கும் அப்படி ஒரு குழப்பம் உண்டு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாததில்லை. நாள் முழுக்க இரத்தக்குழாய் அறையில் நின்று ஓரெ, ஓரெ என்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான். ஆனால் தமிழில் நரம்பு என்று காதில் விழுந்ததும் வாய் தன்பாட்டில் நெர்வெ என்றது. அதைவிட இன்னொன்று. காலுறை கழற்றுவதையே தொழிலாகச் செய்யும் நான், அந்த இரண்டு சோடிக் காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் அறையில்லை என்பதால் கழற்றவில்லை.

ஏழெட்டுக் கிழமை போனது. ஒரு காலை நேரம், முள்ளந்தண்டுப் படம் எடுக்கும் பகுதியின் வாசலில் கனகண்ணை உட்கார்ந்திருந்தார். வலது காலில் சப்பாத்து இல்லை, காலுறையும் இல்லை. பாதம் நாவற்பழம் தின்ற நாக்கைப் போலச் சிவந்து கருத்திருந்தது. சின்னவிரல் நுனியில் ஒரு புண், சுற்றி வர கறுப்பு.

"என்ன அண்ணை இது?"

"நகம் வெட்டேக்கை சின்னக் கீறல். மாறுதில்லை, தம்பி. சப்பாத்துப் போட ஏலாது. நீர்தானே அண்டைக்கு வந்தனீர்?"

"ஓம். காலை இதிலை தூக்கி வையுங்கோ." பக்கத்துக் கதிரையைக் காட்டினேன்.

"ஐயோ, தூக்கினா உயிர் போகும். தொங்கப்போட்டாத்தான் சுகம். வீட்டிலையும் கட்டிலாலை தொங்கப்போட்டுக்கொண்டுதான் படுக்கிறன். மனுசி பேசுது, வௌவால் தலைகீழாத் தொங்கும், நீங்கள் காலைத் தொங்கவிடுறியளெண்டு."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடம் தூக்கி வைத்தார். சிவப்பு வடிந்தது. பாதம் மெழுகுபோல வெள்ளையாயிற்று. இப்படியான கால்களை எங்கள் அறையில் நான் கண்டிருக்கிறேன். இதயம் தள்ளுவது பாதம்வரை வந்து சேராதபோது, தொங்கவிட்டால் பாரத்தில் கொஞ்சம் இறங்கும். தூக்கினால் அதுவும் இல்லை. அடைப்புத்தான் என்று மனதில் பட்டது. ஆனாலும் ஒன்று கேட்டேன்.

"அண்ணை, நடக்கேக்கை எங்கையெங்கை நிக்கிறனீங்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதை ஏன் கேக்கிறீர்? சுரங்க ரெயிலாலை இறங்கி வீட்டுக்குப் போற வழியிலை ஒரு பஸ் தரிப்பு இருக்கு. அதிலை நிண்டு நேரம் பாப்பன். பிறகு மேலை ஒரு அறிவித்தல் பலகை, அதையும் வாசிப்பன்."

"எந்த பஸ்ஸிலை போறனீங்கள்?"

"பஸ்ஸிலை நான் ஏன் போறன்? வீடு அங்கை தெரியுது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "சும்மா நிண்டா சனம் என்ன நினைக்கும்? அதுதான் வாசிக்கிற மாதிரி. ரெண்டு நிமிசம் நிண்டா நரம்பு விட்டிடும்."

இந்த நோய்க்கு நோர்வேயில் ஜன்னல் பார்க்கும் நோய் என்று ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. நடந்தால் கெண்டைக்காலுக்கு இரத்தம் போதாமல் நோகும், நின்றால் தணியும். வெட்கத்தில் கடைக் கண்ணாடியைப் பார்ப்பது போல நிற்பார்கள். கனகண்ணை பஸ் நேரம் பார்த்திருக்கிறார். நாரியில் நசியும் நரம்பு இரண்டு நிமிடம் நிற்பதற்கெல்லாம் இப்படி மனம் இரங்காது. நரம்பு என்று அவர் சொன்னது இரத்தக்குழாயை. அது மறுபடி மறுபடி என் காதில் விழுந்தது.

நான் திரும்பி எங்கள் அறைக்குப் போனேன். போகும் வழி நீளமில்லை. ஆனால் தூரிட்டிடம் என்ன சொல்வது? ஊழியர் நோயாளியின் வருத்தத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. ஐந்தாம் வகுப்புப் படித்தவன் வைத்தியர் எழுதியதைப் பிழை என்பதா? அதைவிட, பிழை வைத்தியருடையதில்லை. என்னுடையது. அதைச் சொன்னால் இந்த வேலையும் போகலாம். சொல்லாமல் விட்டால் அந்தக் கால் போகும். முழங்காலுக்குக் கீழே இல்லாமல் எங்கள் அறைக்கு வந்தவர்களின் மற்றக் காலுறையையும் நான்தான் கழற்றியிருக்கிறேன்.

தூரிட் கோப்பியோடு இருந்தார். முன்னால் போய் நின்றேன். இருமல்கூட வரவில்லை.

"என்ன?"

"ஒருவருக்கு அடைப்பு என்று நினைக்கிறேன்."

"நீ நினைத்ததை நான் கேட்கவில்லை. உன் காதில் என்ன விழுந்தது?"

அந்தக் கேள்வி அன்று என்னைக் காப்பாற்றியது. நினைத்ததைச் சொல்லத்தான் பயம். காதில் விழுந்ததைச் சொல்ல எனக்குப் பழக்கம் இருந்தது. "நரம்பு," என்றேன். "என் மொழியில் அவர் நரம்பு என்றார். நான் நெர்வெ என்று சொன்னேன். அது ஓரெயாகவும் இருக்கலாம். எங்களுக்கு இரண்டும் ஒரே சொல். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். இப்போது பாதம் தொங்கவிட்டால் சிவப்பு, தூக்கினால் வெள்ளை. விரலில் கறுப்புப் புண். நடந்தால் நிற்கிறார், நின்றால் தணிகிறது."

என் வாழ்க்கையில் மேலதிகாரி ஒருவரிடம் நான் ஒரே மூச்சில் சொன்ன மிக நீளமான வசனம் அதுதான்.

அவர் கோப்பியை வைத்தார். பேசப்போகிறார் என்று நின்றேன். "ஒரே சொல்லா?" என்றார். "ந... ரம்... பு?" அப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். எங்கள் பகுதி வைத்தியரிடம் கதைத்தார். கனகண்ணை முள்ளந்தண்டுப் படத்துக்குள் போகுமுன்னர் நான் சக்கரக் கதிரையோடு அங்கே நின்றேன்.

பத்து நிமிடம் படுக்க வைத்தோம். அவருக்குப் படுக்கவே முடியவில்லை, ஆனாலும் தூரிட் ஒரு நிமிடத்தையும் குறைக்கவில்லை. இடது காலில் சத்தம் இரண்டாகக் கேட்டது. வலது பாதத்தின் மேலே கருவியை வைத்தார். ஒன்றும் இல்லை. கொஞ்சம் நகர்த்தினார், பசையைக் கூட்டினார், மூச்சைப் பிடித்தார். ஒன்றும் இல்லை. உட்கணுக்காலுக்குப் பின்னால் வைத்தபோது மெலிதாக ஒன்று, மூடிய கதவின் கீழ்ச் சந்தால் காற்று வருவதுபோல. கையில் நூற்றைம்பது. கணுக்காலில் ஐம்பதைத் தொடவில்லை. தூரிட் என்னைப் பார்க்காமலே, "என்ன விழுந்தது?" என்றார். "ஒரு சத்தம். நீளம். மெலிவு," என்றேன். அதையே எழுதினார்.

வைத்தியர் வந்தார். நோயாளிக்குச் சொல்ல மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் எடுக்கச் சொன்னார் தூரிட். அவர் கிடைக்க அரை மணியாகும் என்றார்கள். கனகண்ணையின் கண் என்னிடமே இருந்தது. "தம்பி, என்னவாம்?"

எனக்கு நரம்பு என்ற சொல்லைத் திரும்பத் தொடப் பயம். என் மகளின் தமிழ்ப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த சொல் நினைவுக்கு வந்தது. இதயத்திலிருந்து போகும் குழாய்க்கு நாடி, திரும்பி வரும் குழாய்க்கு நாளம். "அண்ணை, உங்கட நாடி அடைச்சுப்போச்சு," என்றேன்.

அவர் தன் தாடையைத் தடவினார். எங்கள் ஊரில் நாடி என்றால் அதுதானே. "நாடியோ? நாடியிலை எனக்கு ஒண்டுமில்லை. சவரம் எடுக்கேல்லை, அவ்வளவுதான். கால் தம்பி, கால்!"

வைத்தியரும் தூரிட்டும் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். "மொழிபெயர்ப்பாளர் வரட்டும், அண்ணை," என்றேன்.

அரை மணி கழித்து ஒரு பெண்குரல் தொலைபேசியில் வந்தது. "இரத்தம் போற குழாய்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கால் ஆபத்தில் இருக்கிறது, தொடையில் பெரிய குழாய் அடைபட்டிருக்கிறது என்றார். எங்கள் சுரங்க ரெயில் பாதையில் வேலை நடக்கும்போது பதில் பஸ் விடுவார்களே, அதுபோல உடம்பு சின்னக் குழாய்களால் இரத்தத்தைச் சுற்றி அனுப்பிப் பார்த்திருக்கிறது, இனி அதற்கும் இயலாது. கனகண்ணையின் அதே காலிலிருந்து இரத்தம் திரும்பி வரும் நீட்டுக் குழாய் ஒன்றை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் தைத்துப் புதுப்பாதை போடுவார்கள். அந்தக் குழாயைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள்.

"தலைகீழாவோ? ஏன்?" என்றார் கனகண்ணை.

மொழிபெயர்ப்பாளர் வைத்தியரைக் கேட்குமுன்னரே எனக்கு விளங்கிவிட்டது. கதவுகள்! அந்தக் குழாயின் கதவுகள் மேலே போகத்தான் திறக்கும். புதுவேலையில் இரத்தம் கீழே போக வேண்டும். ஆகவே குழாயைத் திருப்பினால் கதவும் திரும்பும். பயமும் வெட்கமுமாய் நின்ற அந்த நேரத்திலும், என்ன அழகான யோசனை என்று எனக்குள் ஒன்று துள்ளியது. அதற்காக இன்னும் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

சத்திரசிகிச்சை சரிவந்தது. கால் மிஞ்சியது. சின்னவிரல் மிஞ்சவில்லை. அது அந்த ஏழெட்டுக் கிழமைக்குள் செத்துப்போயிருந்தது.

ஆறு கிழமையால் திரும்ப அளக்க வந்தார். வைத்தியர் சொன்னபடி சிகரெட்டை விட்டிருந்தார், ஒரே ஒரு சோடிக் காலுறை. நான் கழற்றினேன், நான்கு விரல். பத்து நிமிடம் முடிந்ததும் தூரிட் பசையைப் பூசிவிட்டுக் கருவியை என்னிடம் நீட்டினார். ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. கணுக்கால் எலும்புக்குப் பின்னால் சரித்து வைத்தேன். அறை நிறையச் சத்தம். ஒன்று, பின்னே ஒன்று, முன்னே ஒன்று.

"உதென்ன தம்பி, ரெயில் போகுது?" என்றார் கனகண்ணை.

"உங்கட இரத்தம் அண்ணை."

அவர் தலையைத் தூக்கிக் கால்பக்கம் பார்த்தார், ஏதோ அங்கே தெரியும்போல. நான் பசையைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், அன்று நடந்ததைச் சொன்னேன். நீங்கள் நரம்பு என்றீர்கள், நான் பிழையாக மாற்றினேன், அதனால்தான் அவ்வளவு கிழமை வீணாகப் போனது என்றேன்.

கனகண்ணை காலுறையைத் தானே போட்டார். சப்பாத்தின் நாடாவைக் கட்டினார். எழுந்து நின்றார். "அப்ப அந்தச் சின்னவிரல் கடனா உம்மளிட்டைத்தான் நிக்குது," என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நடந்து போய்விட்டார்.

அன்று தூரிட்டிடம், என்னை வேலையால் நிறுத்துவீர்களா என்று கேட்டேன். அது அந்த நாளுக்குரிய கேள்வியாகிவிட்டது. "மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் இனிமேல் முடியாது என்று சொல்," என்றார். அன்றிலிருந்து யார் கதவைத் திறந்து தமிழா என்று கேட்டாலும், நான் தமிழ்தான், ஆனால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்றுதான் சொன்னேன். இதனால் நன்றியில்லாதவன், தலைக்கனம் பிடித்தவன் என்று சில தமிழர் என்னைப் பேசியதுண்டு. யோகா, மேசையில் நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

ஒரு வருடத்தின் பின்னர் ரொம்மனில் தமிழ்க் கடையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "தம்பி, என்ர விரல் சுகமோ?" திரும்பினேன். இம்முறை சிரித்தார். அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் அதுதான் அவருடைய வணக்கம். கலியாண வீட்டில், கோவில் திருவிழாவில், பந்தியில் சனத்துக்கு முன்னால் கேட்பார். மற்றவர்களுக்கு விளங்காது. "ஓம் அண்ணை, சுகமா இருக்கு," என்பேன்.

போன மாதம் அவரைப் பார்க்க அம்மருட்டுக்குப் போனேன். சுரங்க ரெயிலால் இறங்கி ஏற்றத்தில் இரண்டுபேரும் நடந்தோம். அந்த பஸ் தரிப்பு வந்தது. அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். எனக்குத்தான் நாரியிலிருந்து கால்வரை மின்சாரம் அடித்தது போல ஓர் இழுவை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சும்மா நிற்க வெட்கமாக இருந்தது, நேர அட்டவணையைப் பார்த்தேன்.

கனகண்ணை திரும்பி வந்தார். "என்ன, பஸ் நேரம் பாக்கிறீரோ?"

"நரம்பு இழுக்குதண்ணை."

அவர் என் கெண்டைக்காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"எந்த நரம்பு?" என்றார். "வடிவாச் சொல்லும்."